இடம் பிடித்த குடங்கள்

புதிதாகச் செயல் அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, பயிற்சி வகுப்பில் உங்களுக்கு எல்லாம் சொல்லியிருப்பார்கள். கோப்பு எப்படி எழுதுவது, தீர்மானம் எப்படிப் போடுவது, தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவரிடம் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது எல்லாம் சொல்லியிருப்பார்கள். குடத்தைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் வேறு எதிலாவது படத்தான் போகிறீர்கள், அதே இடத்தில் பட வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. ஓய்வுபெற்று மறுபடியும் அங்கேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன். பணியின் பிற்பகுதியில் என்னைக் கொற்கைக்குக் கிழக்கே, ஆறு கடலில் சேருகிற பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பேரூராட்சிக்கு மாற்றினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்ப் பெண்கள் பஸ் ஏறி வந்து என் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்பார்கள், எனக்கு முன்போல பதில் சொல்லத் தெம்பில்லை.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், கிணற்றில் எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து குழாய் வழியாக வர வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை வரும், வராமலும் இருக்கும். அதனால் அந்த ஊரில் மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். முதல் நாளே குடத்தைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். காற்றில் உருண்டுவிடாமல் உள்ளே ஒரு கல். வரிசை நகரும்போது பின்னால் இருப்பவள் முன்னால் இருக்கிற குடத்தையும் தன்னுடையதோடு சேர்த்து நகர்த்தி வைப்பாள். சண்டைக்காரி குடமாக இருந்தாலும் நகர்த்துவாள். வீட்டில் சாவு, கேதம் என்று விழுந்தால்கூட அந்த வீட்டுக் குடம் தன் இடத்தில் நிற்கும், யாரும் தாண்ட மாட்டார்கள்.

இதெல்லாம் தெரியாமல், சேர்ந்த முதல் வாரத்தில் ஸ்கூட்டரில் கடற்கரைத் தெரு வழியாகப் போனேன். பாதை முழுக்கக் குடம். இறங்கி, ஒரு சிவப்புக் குடத்தைக் காலால் ஒரு சாண் தள்ளிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் ஆபீஸ் வாசலில் இருபது பெண்கள் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் இடுப்பில் அந்தச் சிவப்புக் குடத்தோடு ஒருத்தி. பெயர் செல்வமேரி. மீன் ஏலக் கூடத்தில் விலை கேட்டுப் பழகிய குரல்.

“ஆபீசரம்மா, நான் உங்க வீட்டுக்கு வந்து உங்களக் காலால தள்ளுனா சும்மா இருப்பியளா?”

“உன்னை நான் எங்கம்மா தள்ளினேன்? குடத்தைத்தானே.”

“அந்தா, கேட்டியளா பேச்ச” என்று அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். அன்று மத்தியானம் வரை எனக்கு வேறு வேலை நடக்கவில்லை. கடைசியில் தண்ணீர் திறந்துவிடுகிற எங்கள் பணியாளர் சூசை அண்ணாச்சிதான் நடுவில் வந்து சமாதானம் செய்தார். அவர்கள் போன பிறகு என்னிடம் பையச் சொன்னார்.

“மேடம், இந்த ஊர்ல நீங்க எதை வேணும்னாலும் மாத்துங்க. வரி போடுங்க, கடையை எடுங்க. கொடத்த மட்டும் தொடாதிய. கொடம் இருக்குன்னா ஆளு இருக்குன்னு அர்த்தம்.”

தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது வேறு, மண்டைக்குள் ஏறுவது வேறு என்பது அடுத்த ஐப்பசியில் தெரிந்தது.

புயல் எச்சரிக்கை வந்தது. கடற்கரைத் தெருவில் இருந்த அறுபத்தெட்டு வீடுகளையும் காலி செய்து, மேட்டில் இருக்கிற புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கூட்டிப்போக உத்தரவு. நடந்தே போகிற தூரம்தான், கால் மணி நேரம். முடியாதவர்களுக்காக மாவட்டத்திலிருந்து இரண்டு பஸ்சும் கொடுத்திருந்தார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் புயல் கரையேறும் என்றார்கள்.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி “அன்பார்ந்த பொதுமக்களே” என்று தொண்டை வற்றக் கத்தினோம். அன்பார்ந்த பொதுமக்கள் வலை பின்னிக்கொண்டு இருந்தார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டே சொன்னார்.

“நீங்க போய்ச் சாப்பிடுங்கம்மா. எல்லாப் புயலும் வடக்கதான் போகும். நம்ம ஊரு இருக்கதே அதுக்குத் தெரியாது.”

அவரைக் குறை சொல்ல முடியாது. முந்தைய மூன்று எச்சரிக்கையிலும் அப்படித்தான் நடந்திருந்தது. மையத்துக்குப் போய், கொசுக்கடியில் உட்கார்ந்து, திரும்பி வந்தால் வீட்டில் கோழியைக் காணோம். யார் மறுபடி வருவார்கள்?

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளை நினைத்தால் இப்போதும் எனக்கே கோபம் வருகிறது. மையத்துக் கூடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு எண் எழுதினேன். வீட்டுக்கு ஒரு கட்டம். பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தேன்: முந்தி வருகிற குடும்பத்துக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம், அடுத்து வருகிறவர்களுக்கு ஜன்னலோரம், பிந்தி வந்தால் கழிப்பறைக்குப் பக்கம்தான்.

தெரு முழுக்க ஒரு அசைவு தெரிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு ஆபீசுக்குப் போய்ச் சாப்பாட்டு ஏற்பாட்டைக் கவனித்தேன்.

புயல் நாள் காலையில் மையத்துக் காவலாளி மாடசாமி ஒரு பதிவேட்டைப் படம் எடுத்து செல்பேசியில் அனுப்பினார். அதே ஊர்க்காரர், நேர்மையான மனிதர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வீட்டு எண், பெயர், கட்டம், அதற்கு எதிரே ஒரு டிக். எண்ணிப் பார்த்தேன். அறுபத்தெட்டு டிக். எனக்கு இருந்த சந்தோஷத்தில் நான் வேறு எதையும் கேட்கவில்லை. மையம் ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் ஐந்து நிமிடம். போய்ப் பார்க்கவும் இல்லை. நேரே மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, எங்கள் ஊரில் வேலை முடிந்தது என்று சொன்னேன்.

“முதல்ல முடிச்சது நீங்கதாம்மா” என்றார் அங்கே இருந்த அதிகாரி. “உங்க ரெண்டு பஸ்ஸையும் வேற ஊருக்கு அனுப்பட்டுமா?”

“தாராளமா அனுப்புங்க சார்” என்றேன். ஊராருக்கு என் சொந்தப் பஸ்ஸைத் தானம் கொடுப்பதுபோல எனக்கு ஒரு பெருமை.

மத்தியானம் தூறல் தொடங்கியது. இரண்டு அண்டா சாம்பார் சாதத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சூசை அண்ணாச்சியோடு மையத்துக்குப் போனேன். வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நல்ல ஒழுங்கான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

கூடம் நிறையக் குடம். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. கட்டத்துக்கு ஒன்றாக, கோடு தாண்டாமல், அழகாக வைத்திருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே செல்வமேரியின் சிவப்புக் குடம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குடங்களுக்கு நடுவே மாடசாமி கம்போடு நாற்காலியில் உட்கார்ந்து காவல் காத்தார்.

“ஆள் எங்க மாடசாமி?”

“வீட்டுல இருக்காவ மேடம்.”

“எல்லாரும் வந்தாச்சுன்னு டிக் போட்டிருக்கியே.”

“வந்தாச்சே. இந்தா, ஒரு வீடு விடாம வந்து வச்சிட்டுப் போயிருக்காவ. காத்து பெலமா அடிக்கும்போது ஆளு வரும். எடந்தான் போட்டாச்சே, இனி என்ன பதட்டம்?”

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. பிறந்ததிலிருந்து அந்த ஊர் வரிசையைப் பார்த்து வளர்ந்தவர். குடம் வந்தால் வீடு வந்த கணக்கு. ‘முந்தி வருகிறவர்களுக்கு’ என்று அந்த ஊரில் போய் அறிவித்தது நான். அவர்கள் தங்கள் வழக்கப்படி முந்திக்கொண்டார்கள். நான் அண்டாவோடு நின்றேன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அப்போது என் மனதில் முதலில் தோன்றியது அந்த ஜனங்கள் அல்ல. ‘மேலே சொல்ல வேண்டாம், சத்தம் போடாமல் சாயங்காலத்துக்குள் ஆட்களைக் கூட்டி வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது’ என்பதுதான் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். தோன்றுவது தப்பில்லை, அதோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் தப்பு. ஆட்கள் வராமல் போய், நான் கொடுத்த கணக்கில் அவர்கள் எல்லாரும் பத்திரமாக இருந்தால், அவர்களைத் தேடி ஒருத்தரும் வரமாட்டார்கள். போனை எடுத்தேன்.

“சார், எங்க ஊர்க் கணக்குல ஒரு திருத்தம்.”

“சொல்லுங்கம்மா.”

“ஆளுங்க இன்னும் வரலை சார். காலையில நான் சொன்னது குடம்.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“என்ன குடம்?”

“தண்ணிக் குடம் சார். பிளாஸ்டிக்.”

“அது எதுக்கும்மா புயல் மையத்துக்கு வந்துச்சு?”

“இடம் பிடிக்க சார்.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. பஸ் இரண்டும் தூரத்தில் இருக்கின்றன, திரும்பிவர மூன்று மணி நேரமாவது ஆகும், அதற்குள் காற்று பிடித்துவிடும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது. என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். இந்தக் கணக்கை நான் அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

இனி தெருவுக்குப் போய்க் கெஞ்ச வேண்டும். இரண்டு நாளாகக் கெஞ்சியாகிவிட்டது. உயிருக்கு ஆபத்து என்று சொல்லியாகிவிட்டது. உயிருக்காக வராத ஜனங்கள் வேறு எதற்காக வருவார்கள் என்று யோசித்தேன். கண்ணுக்கு முன்னால் அந்தச் சிவப்புக் குடம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, அந்தக் குடத்த எடுத்து வெளிய வைங்க” என்றேன்.

சூசை அண்ணாச்சி பின்வாங்கினார். “நான் மாட்டேன் மேடம். முப்பது வருஷமா இந்த ஊருக்குத் தண்ணி தொறக்கேன். இந்தப் பாவத்த மட்டும் செஞ்சதில்ல.”

நானே எடுத்தேன். வெளியே, தூறலில், படிக்குக் கீழே வைத்துப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: ‘அரை மணி நேரத்துக்குள் ஆள் வந்து பக்கத்தில் உட்காராத குடங்கள் எல்லாம் இப்படி வெளியே வைக்கப்படும். அந்தக் கட்டங்கள் வடக்குத் தெருவுக்குக் கொடுக்கப்படும். இப்படிக்கு, செயல் அலுவலர்.’ வடக்குத் தெருவுக்கும் கடற்கரைத் தெருவுக்கும் குழாய்த் தகராறு இரண்டு தலைமுறையாக நடக்கிறது. வடக்குத் தெருவுக்குப் புயலால் ஆபத்தே இல்லை, அது மேட்டில் இருக்கிறது. ஆனால் அதை யோசிக்கிற நிலையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் செல்வமேரி வந்தாள். கொண்டை அவிழ்ந்து, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் இழுத்துக்கொண்டு, தலையில் ஒரு மூட்டையோடு.

“எவ தொட்டா எங் கொடத்த?”

“நான்தான்.”

“அன்னைக்கு வாங்குனது போதாதாக்கும்?”

“போதலம்மா. உள்ள வந்து உக்காந்து திட்டு.”

“நான் நின்னுக்கிட்டே திட்டுவேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மின்விசிறிக்குக் கீழே குடத்தை வைத்து, பிள்ளைகளை அதன் இரண்டு பக்கமும் உட்காரவைத்து, அங்கேயே நின்று தொடர்ந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. கோழி, ஆடு, தையல் இயந்திரம், போர்வையில் சுற்றிய டிவி, எல்லாம் வந்தது. புயல் வடக்கே போகும் என்ற பெரியவரும் வந்தார். வடக்குத் தெருவுக்குக் கட்டம் போவதை அவரால் தாங்க முடியவில்லையாம். வந்தவர்கள் எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே உள்ளே போனார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திட்டு வாங்கிக்கொண்டே தலைகளை எண்ணினேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாகத் திட்டு வாங்கியதில்லை.

கடைசியில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். ஒலிபெருக்கியில் கேட்கச் சொன்னார்கள். அதிலும் கேட்டேன். மன்னிப்புக் கேட்பதில் கௌரவம் பார்க்காதீர்கள், அதற்குச் செலவே கிடையாது. அதற்குள் மழை கனத்து, வெளியே தென்னைகள் குனிய ஆரம்பித்துவிட்டன. திரும்பிப்போக யாரும் கேட்கவில்லை. அண்டாவைத் திறந்தோம்.

சாப்பாடு பரிமாறும்போதுதான் பார்த்தேன். எல்லாக் குடத்துக்கும் பக்கத்தில் ஆள் இருந்தது. கழிப்பறை ஓரக் கட்டத்தில் மட்டும் ஒரு மஞ்சள் குடம் தனியாக நின்றது. கழுத்தில் நீலத் துணி கட்டியிருந்தது.

“இது யாருது?”

செல்வமேரிதான் முதலில் எழுந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

“ரோசம்மா மைனி கொடம். கடைசி வீடு. காலைல நான்தான் எடுத்துட்டு வந்து வச்சேன்.”

“அவங்க எங்க?”

“அவ்வொளுக்குப் போன மாசம் வழுக்கி விழுந்து கால்ல கட்டுல்லா போட்டிருக்கு. நடக்க முடியாது. மக திருப்பூர்ல இருக்கா.” குரல் இறங்கியது. “எங் கொடத்த வெளிய வச்ச கோவத்துல நான் அவ்வொ வாசலத் தாண்டித்தாம்மா ஓடி வந்தேன்.”

நடக்க முடியாதவர்கள் பட்டியல் ஒன்று என் கைப்பையில் இருந்தது. அதில் இருந்தவர்களை அவரவர் வீட்டார் தூக்கி வந்திருந்தார்கள். ரோசம்மா விழுவதற்கு முன்னால் எடுத்த பட்டியல், அவர் பெயர் அதில் இல்லை. அவருக்காக வந்த பஸ்சை நான் தானம் கொடுத்திருந்தேன். செல்வமேரி குற்றவாளிபோல நின்றாள். குற்றம் முழுக்க என்னுடையது. என் தந்திரம் கோபப்படுகிறவர்களைத்தான் கூட்டிவந்தது, கால் உள்ளவர்களைத்தான்.

சாப்பாடு கொண்டுவந்த வண்டி எப்போதோ திரும்பிப் போயிருந்தது. வாசலில் எங்கள் குப்பை வண்டி மட்டும் இருந்தது, பேட்டரியில் ஓடுவது. சூசை அண்ணாச்சி ஓட்டினார். குப்பைத் தொட்டிகளை இறக்கிவிட்டு நானும் செல்வமேரியும் பின்னால் நின்றுகொண்டோம். காற்றில் வண்டி நண்டுபோல ஒரு பக்கமாகவே போனது. தெரு முனையில் தண்ணீர் கணுக்காலுக்கு இருந்தது, கடைசி வீட்டுக்குப் போகும்போது முழங்காலுக்கு வந்துவிட்டது. அது மழைத் தண்ணீர் அல்ல. அண்ணாச்சி ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை வேகமாக விட்டார்.

ரோசம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சேலை, வாரிய தலை, மடியில் ஒரு துணிப்பை, கையில் ஜெபமாலை. கட்டுப் போட்ட காலைத் தண்ணீர் தொடாமல் ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்திருந்தார். காலையிலிருந்தே அப்படி உட்கார்ந்திருந்தாராம். எங்களைப் பார்த்ததும் அழவில்லை, கடிந்துகொண்டார்.

“ஏட்டி செல்வமேரி, கொடத்தக் குடுத்துவிட்டேனே, வைக்கலயா நீ?”

“வச்சேன் மைனி.”

“பெறகென்ன? கொடம் வந்திருக்கு, ஆளக் காணுமேன்னு தேடி வருவாவன்னுதான குடுத்துவிட்டேன். இவ்வளவு நேரமா?”

அறுபத்தேழு வீட்டார் வராமல் இருப்பதற்காகக் குடத்தை அனுப்பினார்கள். இவர் வரமுடியாததால் அனுப்பியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மழையில் நனைந்திருந்ததால் அதிகாரியின் மரியாதை காப்பாற்றப்பட்டது. செல்வமேரிக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை, வாய்விட்டே அழுதாள். அழுதுகொண்டே அவரைத் தூக்கினாள்.

வண்டியைப் பார்த்ததும் ரோசம்மா ஒருமுறை மூக்கைப் பொத்தினார். “இதுலயா?” என்று கேட்டார். ஏறிக்கொண்டார். அந்த வீட்டை நாங்கள் பார்த்தது அதுவே கடைசி. அந்தப் புயல் வடக்கே போகவில்லை. பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கத்து மூன்று வீடுகளின் சுவரைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மையத்துக்கு வந்ததும் செல்வமேரி தன் சிவப்புக் குடத்தைத் தானே எடுத்துக் கழிப்பறை ஓரத்தில் வைத்தாள். மின்விசிறிக்குக் கீழே ரோசம்மாவைப் படுக்கவைத்தோம். மாடசாமி பதிவேட்டோடு வந்து என் பக்கத்தில் தயங்கி நின்றார்.

“மேடம், இவ்வொளுக்குக் காலைலயே டிக் போட்டாச்சு. இப்ப இன்னொண்ணு போடணுமா?”

விதிமுறையில் அதற்கு இடம் இல்லை. நான் யோசிப்பதற்குள் ரோசம்மா தலையைத் தூக்கினார்.

“காலைல போட்டது கொடத்துக்கு. இது எனக்கு. போடும் வே.”